தவிட்டுக்கு வாங்கின பிள்ளை: தத்தெடுப்பு பற்றிய நூல்களும் நமது மௌனங்களும்

1

'உன்னை நாங்க பெறவேயில்ல, தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்ற வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. அண்ணன் தங்கையைச் சீண்ட, மாமா மருமகனை அழவைத்து வேடிக்கை பார்க்க, பாட்டி பேரனைக் கொஞ்ச என்று எல்லாவற்றுக்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு சடங்கும் உண்டு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போன வீடுகளில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுப்பார்கள். அல்லது இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இது எங்கள் பிள்ளையில்லை, அற்பமான பொருள் என்று சாவை ஏமாற்றுகிற தந்திரம். குப்பை, பிச்சை, குப்பம்மாள் போன்ற பெயர்களுக்குப் பின்னால் இந்த மாதிரிக் கதைகள் கிடக்கின்றன. அதாவது, 'சொந்தமில்லை' என்ற பொய்யைச் சொல்லிச் சொந்தத்தைக் காப்பாற்றிக்கொள்வது.

இந்தக் கேலி செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சொல்பவர், கேட்பவர், சுற்றி நின்று சிரிப்பவர் எல்லோருக்கும் அது பொய்யென்று சந்தேகமறத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையாகவே இருக்கிற வீட்டில்?

அக்கா மகளுக்கு அப்போது எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அக்காவும் அத்தானும் தத்தெடுத்த பிள்ளை. ஒரு கல்யாண வீட்டில், ஆச்சி முறையாகிற ஒரு கிழவி, பழக்கதோஷத்தில், 'ஏட்டி, ஒன்ன தவிட்டுக்குல்லா வாங்கிட்டு வந்தோம்' என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பந்திக்குக் காத்திருந்த பெண்களெல்லாம் சட்டென்று வாயடைத்துப் போனார்கள். பிள்ளை கேலியைக் கவனிக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் கவனித்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. தான் தத்துப்பிள்ளை என்பது அதற்கு ஏற்கனவே தெரியும். ஆனால் அது வாயடைத்துப் போகவேண்டிய ஒரு விஷயம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி அக்கா போன் செய்தாள். 'தம்பி, நீதான் ஊர்ப்பட்ட புஸ்தகமெல்லாம் வாங்கி அடுக்கி வச்சிருக்கியே. இதுக்குன்னு ஒரு புஸ்தகம் சொல்லு. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு.' பின்னமைப்பியல், பெண்ணியம், தலித்தியம் என்று மேடைதோறும் பேசிக்கொண்டிருந்த எனக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. இந்தக் கட்டுரை பத்து வருஷம் தாமதமான பதில்.

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'தத்து' என்பதன் வேர் வடமொழி 'தத்த': கொடுக்கப்பட்டது. 'சுவீகாரம்' என்றால் தனதாக்கிக்கொள்வது. ஒன்று கொடுப்பவர் பக்கத்திலிருந்து பேசுகிறது, இன்னொன்று வாங்குபவர் பக்கத்திலிருந்து பேசுகிறது. நடுவில் கைமாறுகிற பிள்ளையின் பக்கத்திலிருந்து பேச சொல்லில்லை. நம்முடைய 'எடுத்து வளர்த்த பிள்ளை' கொஞ்சம் பரவாயில்லை. குறைந்தபட்சம் 'வளர்த்த' என்ற உழைப்பு அதில் இருக்கிறது. ஆனாலும் 'எடுத்து' என்கிறபோது எங்கிருந்து, யாரிடமிருந்து என்கிற கேள்வி மறைந்துபோகிறது. தரையில் கிடந்த காசை எடுத்த மாதிரி.

தர்மசாஸ்திரங்கள் பிள்ளையின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மனு பட்டியலிடும் பன்னிரண்டு வகைப் புத்திரர்களில் தத்தனும் ஒருவன். பிண்டம் போட வேண்டும், சொத்து வெளியே போகக்கூடாது, வம்சம் அறுபடக்கூடாது. இவைதான் நோக்கங்கள். தத்தெடுப்புக்கென்றே எழுதப்பட்ட நந்த பண்டிதரின் 'தத்தக மீமாம்சை' தத்துப்பிள்ளை சொந்த மகனின் சாயலாக இருக்க வேண்டும் என்கிறது. பெண்ணைத் தத்தெடுக்கவும் அது இடம் தருகிறது. இந்தப் பிரதிகளை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டுதான் வெள்ளைக்கார நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லின. டல்ஹவுசி, தத்துப்பிள்ளையை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று 1848இல் சதாராவையும் பின்பு ஜான்சியையும் விழுங்கினான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில், விதவை ஒருத்தி கணவனின் உறவினர் சம்மதத்தோடு தத்தெடுப்பது தென்னாட்டில் செல்லும் என்றது, எழுதப்பட்ட சாஸ்திரத்தைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கத்துக்கே மதிப்பு அதிகம் என்றும் சொன்னது. வழக்கம் என்று பார்த்தால், தேவதாசிக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்துக்கொண்டும் இருந்தன. சென்னை உயர்நீதிமன்றமும் பம்பாய் உயர்நீதிமன்றமும் அதை வெவ்வேறு விதமாகப் பார்த்தன. பெண்ணைத் தத்தெடுக்கலாம் என்பது இந்துக்களுக்குப் பொதுச் சட்டமானது 1956இல்தான். அந்தச் சட்டத்திலும் கல்யாணமான பெண் 2010 வரை கணவன் தத்தெடுப்பதற்குச் சம்மதம் தருபவள் மட்டுமே. தானாகத் தத்தெடுக்கிற உரிமை அவளுக்கு அதற்குப் பிறகே வந்தது.

முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம்தான் கதி என்றிருந்தது. அதன்படி பிள்ளை 'பிள்ளை' ஆகாது. பதினெட்டு வயதுவரை காப்பிலிருக்கும், அவ்வளவே. இளைஞர் நீதிச் சட்டம் (2000, பின்பு 2015) மதம் பாராமல் தத்தெடுக்க வழி திறந்தது. உச்சநீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் அதை உறுதி செய்தது. 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தின்கீழ் தத்து ஆணை வழங்குபவர் நீதிபதியல்ல, மாவட்ட ஆட்சியர்.

1956 சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. தத்துக் கொடுத்த நாளோடு பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுகிறது என்று சொல்லும் அதே பிரிவு, பிறந்த வீட்டில் யாரையெல்லாம் மணக்கக்கூடாதோ அவர்களை இப்போதும் மணக்கக்கூடாது என்கிறது. யார் அவர்கள் என்றே தெரியாத பிள்ளை இந்த விதிக்கு எப்படிக் கீழ்ப்படியும்? உறவு கிடையாது, ஆனால் ரத்தம் உண்டு என்கிற இந்த இரட்டைப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் நூல்களிலும் இதே குழப்பம் வேறு வேறு உருவில் வருகிறது.

இன்னொன்று. நம் ஊர்களில் பழைய தத்தெடுப்பு பெரும்பாலும் உறவுக்குள்ளேயே நடந்தது. தம்பி மகனை அண்ணன் வளர்ப்பார், அக்கா மகளைத் தங்கச்சி வளர்ப்பாள். ஊருக்கே தெரியும், பிள்ளைக்கும் தெரியும். ரகசியம் என்ற பேச்சே இல்லை. முன்பின் தெரியாத பிள்ளையை வளர்ப்பது பரவிய பிறகுதான் ரகசியம் நுழைகிறது. வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு கர்ப்பிணி வேஷம் போட்டவர்கள், பிள்ளையோடு ஊர்விட்டு ஊர் மாறியவர்கள் எல்லாம் எனக்கே தெரியும். ஆக இந்த மௌனம் நம்முடைய 'பழைய பண்பாடு' இல்லை. மலடு என்ற வசை, யார் பெத்ததோ என்ன ஜாதியோ என்ற பயம், ஆஸ்பத்திரி நவீனம் இவை மூன்றும் கூடிப் பெற்ற பிள்ளை அது.

3

இனி ஆங்கில அலமாரி. அங்கே வண்டி வண்டியாக நூல்கள் உண்டு. ஆனால் அவற்றை அப்படியே வாங்கிக் குவிப்பதில் பயனில்லை. எந்தக் காலத்தில் யார் பேசினார்கள், யார் வாயை மூடிக்கொண்டு பேசினார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பேசியவர்கள் வளர்த்த பெற்றோர். வாலண்டீனா வாசன் எழுதிய 'தி சோசன் பேபி' 1939இல் வந்தது. பிள்ளையில்லாத தம்பதி ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் கதை. 'மற்ற அப்பா அம்மாவுக்குக் கிடைத்ததை ஏற்க வேண்டியதாயிற்று, உன்னையோ நாங்கள் தேர்ந்தெடுத்தோம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கம் இந்த வகைக் கதைகளால் அமெரிக்க வீடுகளில் நிலைபெற்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் இந்தக் கதையில் பிள்ளை பிறப்பதே இல்லை. நேரே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதே காலத்தில் அங்கே மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தத்து ஆவணங்களுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தன. மினசோட்டா 1917லேயே தொடங்கி வைத்தது. பழைய பிறப்புச் சான்றிதழை உள்ளே பூட்டி, வளர்ப்புப் பெற்றோர் பெற்றதாகவே புதிய சான்றிதழ் கொடுத்தார்கள். படக்கதைப் புத்தகமும் அரசாங்கத் தாளும் ஒரே கதையாடலை எழுதின. நம் நாட்டிலும் தத்துப்பிள்ளைக்கு வளர்ப்புப் பெற்றோர் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் தரப்படுகிறது.

இதை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் டேவிட் கிர்க். சமூகவியலாளர், தானும் தத்துப்பிள்ளைகளை வளர்த்தவர். 1964இல் வந்த 'ஷேர்ட் ஃபேட்' என்ற நூலில் அவர் சொன்னது எளிமையான விஷயம். தத்தெடுத்த குடும்பங்கள் இரண்டு வழியில் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று, நாங்களும் மற்றக் குடும்பங்களைப் போலத்தான், வித்தியாசமே கிடையாது என்று மறுப்பது. மற்றது, வித்தியாசம் உண்டு, அதை ஒப்புக்கொண்டு வாழ்வோம் என்பது. இரண்டாவது வழியில்தான் பெற்றோரும் பிள்ளையும் மனம்விட்டுப் பேசிக்கொள்ள முடிகிறது என்றார் கிர்க். பிள்ளை இழந்தது ஒன்று, பெற்றோர் இழந்தது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது 'பகிர்ந்துகொண்ட விதி'.

கிர்க்கைப் படித்தபோது எனக்கு மலாயா நினைவுக்கு வந்தது. அங்கே தோட்டப்புறத்திலும் நகரத்திலும் சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்திருக்கின்றன. பொட்டு, பூ, சேலை, தமிழ்ப் பேச்சு என்று வளர்ந்து, தமிழர்களைக் கட்டிக்கொண்டு தமிழ்ப் பாட்டிகளானவர்கள் அவர்களில் உண்டு. அந்த வீடுகளில் வித்தியாசத்தை மறுக்க வழியே கிடையாது. முகமே சொல்லிவிடும். மறைக்க முடியாத வீட்டில் மறைக்கிற வேலையும் மிச்சமாகிறது. அதற்காக அந்தப் பிள்ளைகளுக்கு வலியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வலிக்கு ரகசியம் என்ற இரண்டாவது சுமை இல்லை என்கிறேன்.

அடுத்துப் பேசியவர்கள் பிள்ளைகள், வளர்ந்து பெரியவர்களான பிறகு. 1971இல் ஃபுளோரன்ஸ் ஃபிஷர் நியூயார்க்கில் தத்துப்பிள்ளைகளின் தேடலுக்கென்று ஓர் இயக்கம் தொடங்கினார். பெட்டி ஜீன் லிஃப்டன் 1975இல் 'ட்வைஸ் பார்ன்' என்ற தன்வரலாற்றை எழுதினார். பிரிட்டனில் அதே வருஷம் வந்த சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் பதினெட்டு வயதான தத்துப்பிள்ளைகள் தங்கள் முதல் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும் உரிமையைத் தந்தது. ஸ்காட்லாந்தில் அது 1930லிருந்தே இருந்தது. பிள்ளையைக் கொடுத்த தாய்மார் 1976இல் தங்களுக்கென ஓர் அமைப்பைக் கட்டினார்கள். 1978இல் வந்த 'தி அடாப்ஷன் ட்ரையாங்கிள்' (சொரோஸ்கி, பாரன், பன்னர் மூவரும் எழுதியது) இந்த மூன்று தரப்பையும் ஒரே முக்கோணமாக வைத்துப் பேசியது. பூட்டி வைத்த ஆவணங்கள் மூவருக்கும் கேடு என்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நூல்கள் எழுத்தாளரின் மேசையில் தாமாக முளைத்தவையல்ல. இயக்கங்களோடு சேர்ந்து வந்தவை.

4

இந்த வரிசையில் அதிகம் பேசப்பட்ட நூல் நான்சி வெரியரின் 'தி பிரைமல் ஊண்ட்' (1993). தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட சிசு, நினைவுக்கும் மொழிக்கும் முந்திய ஓர் ஆதிக் காயத்தைச் சுமக்கிறது, எவ்வளவு அன்பு கொட்டினாலும் அது முழுசாக ஆறாது என்பது அவர் வாதம். வெரியர் மனநல ஆலோசகர். தான் பெற்ற மகள் ஒருத்தி, தத்தெடுத்த மகள் ஒருத்தி என்று இருவரை வளர்த்தவர். இதைப் படித்து, 'கடைசியில் என்னைப் பற்றி ஒருவர் எழுதிவிட்டார்' என்று அழுத தத்துப்பிள்ளைகள் பலர். 'நான் காயம்பட்டவன் என்று நீ யார் தீர்மானிக்க?' என்று தூக்கி எறிந்தவர்களும் உண்டு. இதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் போதாது என்ற விமர்சனமும் உண்டு.

தமிழில் இந்த நூலை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பேன். 'பெத்த மனசு', 'ரத்த பாசம்', 'தொப்புள்கொடி உறவு' என்று நம் சினிமா ஊதிப் பெருக்கி வைத்திருக்கிற புனைவுகளோடு இது மிகச் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ரத்தம் தானாகப் பேசும் என்பதை நம்பத் தொடங்கினால், ரத்தத்துக்கு ஜாதி உண்டு என்பது ரொம்பத் தூரத்தில் இல்லை. அதற்காக, வளர்ப்புதான் எல்லாம், பிறப்பில் ஒன்றுமில்லை என்று முற்போக்காகப் பேசிவிட்டுப் போவதும் இன்னொரு வாயடைப்பே. எனக்குத் தெரிந்த தோழர்கள் சிலர் செய்தது அதுதான். 'நாங்க ரத்தத்தை நம்புறதில்ல' என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டார்கள். அப்புறம் அது தன் மூக்கு யார் மூக்கு என்று யாரிடம் கேட்கும்?

அக்காவுக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய நூல் வேறு. டேவிட் பிராட்சின்ஸ்கியும் மார்ஷல் ஷெக்டரும் ரோபின் ஹெனிக்கும் சேர்ந்து எழுதிய 'பீயிங் அடாப்டட்' (1992). தத்துப்பிள்ளையாக இருப்பதன் அர்த்தம் வயதுக்கு வயது மாறிக்கொண்டே போகிறது என்பது அதன் மையம். நாலு வயதில் பிள்ளை தன் தத்துக் கதையைச் சந்தோஷமாக ஒப்பிக்கும். பெற்றோர், 'சொல்லியாச்சு, புரிஞ்சிக்கிட்டா' என்று நிம்மதியாக இருப்பார்கள். ஏழெட்டு வயதில் பிள்ளைக்குத் தர்க்கம் வருகிறது. 'என்னை எடுத்துக்கொண்டார்கள் என்றால், அதற்கு முன்னால் ஒருவர் என்னைக் கொடுத்திருக்க வேண்டும்.' கதை தலைகீழாகிறது. பிள்ளை சுணங்கும், எரிந்து விழும், பெற்றோர் தாங்கள் என்னவோ தப்பாகச் செய்துவிட்டதாகப் பதறுவார்கள். பிராட்சின்ஸ்கி சொல்வது: இது நோயல்ல, துக்கம். தெரியாத ஒருத்திக்காகத் துக்கப்படுகிற வேலையைப் பிள்ளை தொடங்கியிருக்கிறது. அதைச் செய்ய விடுங்கள். பதின்வயதில் இது 'நான் யார்' என்ற கேள்வியாக மறுபடி வரும்.

கல்யாண வீட்டில் என் மருமகளுக்கு வயது எட்டு. அந்தக் கிழவி சொல்லாதிருந்தாலும் அந்த வருஷம் அந்தக் கேள்வி வந்தே இருக்கும். இது தெரிந்திருந்தால் அக்கா அத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருக்க மாட்டாள், கிழவியோடு மூன்று வருஷம் பேசாமலும் இருந்திருக்க மாட்டாள்.

எழுதுகிற நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஜாக்கி கேயின் 'தி அடாப்ஷன் பேப்பர்ஸ்' (1991). அம்மா ஸ்காட்லாந்துக்காரி, அப்பா நைஜீரியர். வளர்த்தவர்கள் கிளாஸ்கோ நகரத்து வெள்ளைக்கார கம்யூனிஸ்ட் தம்பதி. இந்தக் கவிதைத் தொகுதியில் பெற்றவள், வளர்த்தவள், மகள் என்று மூன்று குரல்கள் மூன்று அச்செழுத்து வடிவங்களில் வருகின்றன. தத்து விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறாள் என்று வளர்ப்புத்தாய் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் புத்தகங்களையெல்லாம் ஒளித்து வைக்கிற இடம் நம் தோழர்கள் வீட்டிலும் நடந்திருக்கக்கூடியது. யாருடைய குரலும் மற்றவர் குரலை விழுங்குவதில்லை. ஆலோசனை நூல்கள் பத்துச் செய்யாத வேலையை இது ஒன்று செய்கிறது.

5

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். தமிழில் இதற்கு எதுவுமே இல்லை என்று மூக்கால் அழுவது சுலபம். நான் வேறு ஒன்று சொல்கிறேன். தத்துப்பிள்ளையின் பிரச்சினையைத் தமிழ் ரொம்பக் காலத்துக்கு முன்பே எழுதிவிட்டது. நாம்தான் அந்த இடங்களை அப்படி வாசிக்கவில்லை.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரணாசிப் பார்ப்பனன் ஒருவனின் மனைவி சாலி. ஒழுக்கம் தவறியதாகக் கருதப்பட்டு, குமரியாடத் தெற்கே வருகிற வழியில் பிள்ளை பெற்று, தோட்டத்தில் போட்டுவிட்டுப் போகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் சுரந்து காப்பாற்றுகிறது. இளம்பூதி என்ற பார்ப்பனன் எடுத்து வளர்த்து வேதம் படிப்பிக்கிறான். எல்லாம் நல்லபடியாகப் போகிறது, பையன் வேள்விப்பசுவை அவிழ்த்து ஓட்டுகிறவரையில். அவன் எதிர்த்தவுடனேயே அவன் பிறப்பு வெளியே வருகிறது. இவன் யாருக்குப் பிறந்தான் தெரியுமா என்று ஒருவன் எழுந்து சொல்கிறான். அவன் அடங்கிக் கிடந்தவரை தேவைப்படாத பிறப்பு, கேள்வி கேட்டவுடன் ஆயுதமாகிறது. வளர்த்த தகப்பனும் கைவிடுகிறான். ஆபுத்திரன் சும்மா இருக்கவில்லை. உங்கள் ரிஷிகள் யார் யார் எங்கெங்கே பிறந்தார்கள் என்று பட்டியல் போட்டுச் சிரிக்கிறான். பிறகு மதுரையில் பிச்சையெடுத்து மற்றவருக்கு ஊட்டுகிறான். அமுதசுரபி அவன் கைக்குத்தான் வந்து சேர்கிறது. பௌத்தப் பிரதி ஒன்று பிறப்புத் தூய்மையின் அரசியலை ஒரு தத்துப்பிள்ளையை வைத்து உடைத்திருக்கிறது.

அடுத்து ஆழ்வார்கள். பெரியாழ்வார் யசோதையாகிக் கண்ணனைக் கொஞ்சுவது நமக்குத் தெரியும். வளர்ப்புத்தாயின் குரல் அது. அவரே துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்து வளர்த்தவர் என்பது மரபு. ஆனால் குலசேகரர், பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கத் தேவகியாகிப் புலம்புகிறார். பெற்றும் பால் கொடுக்காதவள், தவழ்வதைப் பார்க்காதவள், தாலாட்டாதவள், இன்னொருத்திக்குக் கிடைத்ததையெல்லாம் நினைத்து நினைத்து மாய்கிறாள். கொடுத்த தாயின் குரல் மேற்கில் பொதுவெளிக்கு வந்தது 1970களில். இங்கே அது பக்திப் பாட்டாகக் கோவிலுக்குள் பல நூற்றாண்டுகளாக இருந்துகொண்டிருக்கிறது. கோவிலுக்கு வெளியே மட்டும் அவளுக்கு வாயில்லை.

ஏனென்றால் கோவிலுக்கு வெளியே அவள் தேவகி இல்லை. 'யாரோ ஒருத்தி', 'கெட்டுப்போனவ', 'கல்நெஞ்சக்காரி'. 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்சிசுக் கொலை நடந்துகொண்டிருந்த நேரம். கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், கேள்வி கேட்க மாட்டோம். பல பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், அதைச் சின்ன விஷயமாகச் சொல்லக்கூடாது. ஆனால் வரதட்சணையையும் ஆண்பிள்ளை ஆசையையும் தொடாமல், பெண்ணைப் பெற்றவளுக்கு விட்டுவிடுகிற வழியை மட்டும் அரசு திறந்துகொடுத்தது என்று பெண்ணிய அமைப்புகள் அப்போதே கேட்டன. கேள்வி கேட்க மாட்டோம் என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பின்னாளில் பிள்ளை கேள்வி கேட்டால் சொல்வதற்கும் ஒன்றுமிருக்காது.

நெதர்லாந்து மானிடவியலாளர் பீன் போஸ், தமிழ்நாட்டில் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவர்களிடம் தங்கிப் பேசி, 'ஒன்ஸ் எ மதர்' என்ற ஆய்வை எழுதியிருக்கிறார். 'தானே விரும்பிக் கொடுத்தாள்' என்று தாளில் எழுதப்படுவதற்கும் அவள் நிலைமைக்கும் எவ்வளவு தூரம் என்று அது காட்டுகிறது. குடும்ப மானம், தங்கச்சி கல்யாணம், காப்பகத்தின் அறிவுரை, பிரசவச் செலவு எல்லாம் சேர்ந்து எடுத்த முடிவில் அவள் கைநாட்டு மட்டும் இருக்கிறது. இன்றைய சட்டப்படி பிள்ளையை ஒப்படைத்த தாய் மனம் மாறினால் அறுபது நாளுக்குள் திரும்பப் பெறலாம். இது அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லப்படுகிறதா என்று கவனிப்பது செயல்பாட்டாளர்கள் கையிலெடுக்க வேண்டிய வேலை.

கொடுக்கவே இல்லாதவர்களும் உண்டு. 2005இல் சென்னையில் அம்பலமான வழக்கில், ஏழைக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட பிள்ளைகள் சுத்தமான தாள்களோடு வெளிநாடுகளுக்குத் தத்துப் போயிருந்தார்கள். இலங்கையிலிருந்து 1980களில் ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான குழந்தைகளில், 'குழந்தைப் பண்ணை'களிலிருந்து விற்கப்பட்டவையும் உண்டென்று 2017இல் அந்நாட்டு அமைச்சரே ஒப்புக்கொண்டார். நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது. தென்கொரியாவின் உண்மை ஆணையம் 2025இல் தன் அரசே பிள்ளைகளின் உரிமையை மீறியதாகச் சொன்னது. இந்தியாவில் 1982இல் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய ஒரு கடிதத்தை மனுவாக ஏற்று, 1984இல் உச்சநீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு விதிகள் வகுத்தது. அதன் தொடர்ச்சியாக 1990இல் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பு வந்தது. இவ்வளவும் எழுதுவது தத்தெடுத்தவர்களைக் குற்றவாளியாக்க அல்ல. பிள்ளையிடம் 'உன் அம்மா உன்னை வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனாள்' என்று சொல்வதற்கு முன், அந்த வாக்கியம் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும் என்பதற்காக.

6

கடைசியாக, அக்கா கேட்ட 'எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு.'

பெரியவர்களுக்கு, ஆங்கிலம் படிப்பவர்கள் பிராட்சின்ஸ்கியில் தொடங்கலாம். இந்தியச் சூழலுக்கு வினிதா பார்கவாவின் 'அடாப்ஷன் இன் இந்தியா' (2005) உண்டு. வெரியரைப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது படியுங்கள், முன்னால் படித்தால் ஒவ்வொரு அழுகையிலும் ஆதிக் காயம் தெரியும். பிராட்சின்ஸ்கியையும் கேயையும் யாராவது தமிழில் கொண்டுவர வேண்டும். மொழிபெயர்ப்பு நண்பர்களிடம் கையேந்திக் கேட்கிறேன்.

சின்னப் பிள்ளைக்கு வாங்குகிற புத்தகத்தைவிட வீட்டில் செய்கிற புத்தகம் மேல். பிரிட்டனின் சமூகப் பணியாளர்கள் 'வாழ்க்கைக் கதைப் புத்தகம்' என்று ஒன்றைப் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு நோட்டு போதும். பிள்ளை பிறந்த நாள், ஊர், ஆஸ்பத்திரி, காப்பகத்தில் பார்த்துக்கொண்ட ஆயாவின் படம், வரும்போது போட்டிருந்த சட்டை, வீட்டுக்கு வந்த நாள். தெரியாத பக்கத்தைக் கிழிக்காமல் வெற்றாகவே விடுங்கள். 'இது நமக்குத் தெரியாது' என்று எழுதிவைத்தாலும் சரி. தெரியாததைக் கதைகட்டி நிரப்ப வேண்டாம். 'உங்கம்மா விபத்துல செத்துட்டா' என்று சொன்ன வீடுகள் உண்டு. பதினெட்டு வயதில் அந்தப் பொய் உடைகிறபோது, அதோடு சேர்ந்து வேறு என்னென்னவோ உடைகிறது.

தாள்களை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்: குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, குழந்தை பற்றிய ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை, தத்து ஆணை. அவை பிள்ளையின் சொத்து. பதினெட்டு நிறைந்த தத்துப்பிள்ளை தன் வேரைத் தேட விண்ணப்பிக்க இன்றைய விதிகளில் இடமுண்டு. அதற்குக் கீழே என்றால் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். மூன்றாம் ஆளுக்கு அனுமதியில்லை. பிள்ளையை ஒப்படைத்த தாய் தன் அடையாளத்தைச் சொல்ல வேண்டாமென்று கேட்டிருந்தால் அவள் சம்மதம் வேண்டும். அவள் மறுத்தாலும், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தாள் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ளலாம். இரண்டு பேருடைய உரிமை இங்கே முட்டுகிறது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் அமுதா தன் கேள்விகளோடு போய் நிற்கும்போது ஷியாமாவிடம் பதிலில்லை. சினிமாவுக்கு அது கண்ணீர்க் காட்சி. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் கூட இருக்க ஆள் வேண்டும்.

ஊருக்கும் உறவுக்கும் ஒரு வார்த்தை. 'பெரிய மனசு', 'புண்ணியம் பண்ணினீங்க' என்று தத்தெடுத்தவர்களைப் பாராட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அது, 'நீ ஒரு தர்மக் காரியம்' என்று கேட்கும். நன்றிக்கடன் சுமத்தப்பட்ட பிள்ளை சண்டை போட முடியாது. சண்டை போட முடியாத பிள்ளை எப்படிப் பிள்ளையாக இருக்கும்?

கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் என் மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்கு இப்போது பதினெட்டு. கல்யாண வீட்டுச் சம்பவத்தை வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த ஆச்சி இப்போது இல்லை, கடைசி வருஷத்தில் இவள்தான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பகுதியில் நான் எழுதியிருந்த வேறு இரண்டு பத்திகளைப் பேனாவால் சுழித்துவிட்டு, 'மாமா, இதை எடுத்துருங்க. இது என்னோடது. எழுதணும்னா நானே எழுதிக்கிறேன்' என்றாள். எடுத்துவிட்டேன்.